இரண்டு அறை வீட்டுக்கு லண்டனிலிருந்து ஆட்கள் வரும்போது

தங்கை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். கணவரின் அக்கா, அவருடைய கணவர், 16 வயது மகன், 13 வயது மகள் என நாலு பேர் ஓகஸ்ட்டில் லண்டனிலிருந்து வந்து, திருகோணமலை நகருக்குள் இருக்கும் தன் வீட்டில் ஐந்து இரவு தங்கப் போகிறார்கள். வீட்டில் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு பாத்ரூம். ஏசி இல்லை. அது மாமியின் வீடு. மாமி இறந்த பிறகு மச்சாள் வருவது இதுதான் முதல் தடவை. கடன் எடுத்தாவது ஒரு ஏசி பூட்டுவதா, புதுக் கட்டில் வாங்குவதா, இல்லை மரியாதையாக ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுத்துவிடுவதா என்பது கேள்வி. ஏசி, கட்டில் என்று கேட்டாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. வசதியாக இருந்து பழகியவர்கள் எங்கள் வீட்டில் சங்கடப்படாமல் இருப்பார்களா, அவர்கள் முன்னால் நாங்கள் கூனிக் குறுகாமல் இருப்போமா என்றுதான் கேட்கிறார். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் பகுதியில் சேர்ந்து, பிறகு மேற்பார்வை பார்த்து, இப்போது உப்புவெளியில் என் வீட்டிலேயே இரண்டு அறைகளைத் தங்க வருபவர்களுக்குக் கொடுக்கிறேன். காசு கொடுத்துத் தங்குபவரும் இரத்த உறவும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் பல வருடமாகப் பார்த்ததில் ஒன்று இரண்டு பேருக்கும் பொருந்துகிறது. அடுத்தவர் வீட்டில் படுத்து எழும்பும் ஆளுக்குப் பெரிய கஷ்டம், கேட்பது. குடிக்கத் தண்ணீர் எங்கே, இரவில் பாத்ரூம் லைட் எது, துவாயை எங்கே காயப் போடுவது, நாளைக்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், இந்த உடுப்போடு ஹோலுக்கு வரலாமா. ஹோட்டலில் இதையெல்லாம் கூச்சமில்லாமல் கேட்பவர், உறவுக்காரர் வீட்டில் கேட்காமல் தாகத்தோடு படுத்துவிடுவார். அவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போங்கள். அதில் பெரும்பாலானவற்றுக்குக் காசே தேவையில்லை.

ஏசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஐந்து இரவுக்காகக் கடன் எடுக்காதீர்கள். ஏசியின் விலையோடு செலவு முடிவதில்லை. அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறுவது போலத்தான் இங்கே மின் கட்டணம் இருக்கிறது. பழைய வீட்டு வயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் மின் வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் விட, தம்பி வீட்டில் ஏசி ஏன் திடீரென்று வந்தது என்று மச்சாளுக்கு விளங்கும். விளங்கினால் அந்தக் குளிரில் அவருக்கு நித்திரை வராது. ஒரு விதிவிலக்கு உண்டு. வருபவர்களில் யாருக்காவது இருதய வருத்தமோ வெக்கையைத் தாங்க முடியாத வேறு நோயோ இருந்தால், பகலை உங்கள் வீட்டிலும் இரவைக் குளிரூட்டிய அறையிலும் கழிக்க விடுங்கள். நோய் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியர் இல்லை, அவர்களிடமே கேளுங்கள். கடைசி இரவை நிலாவெளியில் கடலோரம் கழிக்கிறோம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் மனம் கோணாதீர்கள். உங்கள் வீடு பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஏசி இல்லாமல் ஓகஸ்ட் இரவைத் தாங்கலாம். கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் காலத்தில் பகலில் உள்ளே வருவது அனல். ஆகவே மத்தியானத்துக்கு முன்பே மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கூரை ஓடா, கொங்கிறீட்டா என்று எழுதவில்லை. கொங்கிறீட் என்றால் அது பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவில்தான் வெளியே விடும். பின்னேரம் கூரைத் தட்டில் தண்ணீர் தெளித்தால் நன்றாகவே குறையும். நுளம்பு வலைக்குள் மேலே சுழலும் மின்விசிறியின் காற்றுப் பாதிதான் இறங்கும். கட்டிலின் கால்மாட்டில் நிற்கும் மின்விசிறி ஒன்றை வைத்தால் நீளவாக்கில் உடம்பில் படும். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம், இதற்கெல்லாம் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். முதுகைச் சுடுவது பெரும்பாலும் ஸ்பொஞ்ச் மெத்தைதான். மெத்தைக்கு மேல் ஒரு பன்பாயை விரித்து, அதன் மேல் பருத்திப் பெட்சீட் போடுங்கள். பாய்க்கும் மெத்தைக்கும் இடையில் கொஞ்சம் காற்று நிற்கும், வியர்வை தேங்காது. என் அறைகளில் வெயில் காலம் முழுவதும் இப்படித்தான். வெளிநாட்டுக்காரர் முதல் நாள் பாயைத் தடவிப் பார்த்து யோசிப்பார்கள், அடுத்த நாள் அதை எடுக்க விட மாட்டார்கள்.

புதுக் கட்டிலும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் வருவதற்கு ஒரு கிழமை முன்னர், அவர்களுக்குக் கொடுக்கப்போகும் அறையில் நீங்களும் கணவரும் ஓர் இரவு படுங்கள். உங்கள் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வையுங்கள், அலமாரியில் இருக்கும் உங்கள் சாமானைத் தொடாதீர்கள், கதவைச் சாத்துங்கள். பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்கிறதா? லைட்டை நிற்பாட்டியபின் கட்டிலுக்கு இருட்டில் தடவிக்கொண்டு வர வேண்டியிருக்கிறதா? கேற்றடி லைட் நேரே கண்ணில் விழுகிறதா? கைபேசியைச் சார்ஜில் போட்டால் தலையணைக்குப் பக்கத்தில் வைக்க முடிகிறதா? எங்கள் பழைய வீடுகளில் இருப்பது வட்டக்கால் பிளக். லண்டன் சார்ஜருக்கு மூன்று சதுரக் கால். அதற்கேற்ற மல்ட்டி பிளக் ஒன்று வாங்கி வைப்பது, பதினாறு வயதுப் பையனுக்கு நீங்கள் கொடுக்கும் முதல் மரியாதை. ஹோட்டலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் நாங்கள் இப்படித்தான் பழக்கினோம். கட்டிலை எப்படி விரிப்பது என்பதற்கு முன்னால், அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அறையைப் பார்க்கச் சொல்வோம். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத ஒட்டடை எல்லாம் அப்போது தெரியும்.

உங்கள் அறையை விட்டுக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், எங்கள் வழக்கம் அதுதான். கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுங்கள். பள்ளிக்கூட யூனிபோம், அயன் பெட்டி, மருந்து, அலமாரித் திறப்பு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் முதல் நாளே ஹோலுக்கு எடுத்துவிடுங்கள். காலையில் ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, “மன்னிக்கவும், பிள்ளையின் சொக்ஸ் உள்ளே” என்று ஒரு தரம் வந்தாலே, அவர்கள் கடைசி நாள்வரை காலை ஐந்தரைக்கு விழித்து உட்கார்ந்திருப்பார்கள். அலமாரியில் ஒரு தட்டும் நாலைந்து ஹேங்கரும் அவர்களுக்கென்று இருக்கட்டும். பையனும் பெண்பிள்ளையும் எங்கே படுப்பது என்பதில் நான் சட்டம் போட மாட்டேன். சில வீட்டுப் பிள்ளைகள் மச்சான், மச்சாள் எல்லோருடனும் ஹோலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பதைத் தான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சில பிள்ளைகளுக்கு, அதிலும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு, கதவு சாத்திய ஓர் இடம் கட்டாயம் வேண்டும். தாயிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பாத்ரூம்தான் விருந்தாளிகள் உண்மையில் பயப்படும் இடம். ஒன்று என்பது குறையில்லை, அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் விழ வேண்டும். கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பூட்டும் வித்தை வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். மாற்றுடுப்பு நனையாமல் தொங்க உயரத்தில் மூன்று நாலு கொழுக்கி வேண்டும். மூடியுள்ள குப்பை வாளி ஒன்றும், அதன் பக்கத்தில் பழைய பேப்பரும் சிறிய பைகளும் வேண்டும். மாதவிடாய் நேரத்தில் எதை எங்கே போடுவது என்று உங்களிடம் கேட்க அந்தப் பெண்பிள்ளைக்கு வாய் வராது, வாளியைக் கண்டால் கேட்கத் தேவையும் வராது. ரொயிலற் பேப்பர் வாங்கி வையுங்கள், ஆனால் அதைக் கொமட்டில் போட்டால் உங்கள் குழி தாங்காது என்றால் வந்த அன்றே மச்சாளிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு, மூன்றாம் நாள் அடைத்துக்கொண்டால் எல்லோருக்கும் வெட்கம். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் சவர்க்காரம் நுரைக்காது, அதையும் முன்பே சொல்லுங்கள். காலையில் பள்ளிக்கூடம், வேலை என்று போகிறவர்கள் முதலில் குளிக்கட்டும். “ஆறே முக்காலுக்குப் பிறகு பாத்ரூம் உங்களுடையது, எவ்வளவு நேரம் என்றாலும் எடுங்கள்” என்று சொல்லிவிட்டால், வெளியே யாரோ காத்து நிற்கிறார்களோ என்ற பதற்றம் அவர்களுக்கு இருக்காது.

தண்ணீர் நின்றுவிடும் என்று பீப்பாயில் பிடித்து வைப்பீர்கள். அதை இறுக்கி மூடுங்கள். டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் தெளிந்த, தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், அதுவும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போகாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்பதால், வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டை, கூரைப் பீலி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இந்த நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிக்கும், இரவு வலை மட்டும் காப்பாற்றாது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிக் குளிசை கொடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள், டெங்கு என்றால் அஸ்பிரினும் இபுபுரோபனும் ஆபத்து. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. இவை நிச்சயமானவை, ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

சாப்பாட்டில் எங்களுக்கு உபதேசம் தேவையில்லை என்று நினைப்போம். ஆனால் எங்கள் வீடுகளில் விருந்தாளி மிகவும் திணறுவது அங்கேதான். கட்டுநாயக்காவில் இறங்கி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்து சேர ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். அதற்கு முன்னால் விமானத்தில் ஓர் இரவு. அந்தக் களைப்போடு வருபவருக்கு முன்னால் நண்டு, இறால், கணவாய் என்று பரப்பி வைத்தால் உங்கள் முகத்துக்காகச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். முதல் வேளைக்கு இடியப்பம், சொதி, ஒரு மீன் பொரியல், வாழைப்பழம். அவ்வளவும் போதும். (வான் ஏற்பாடு செய்வது நீங்கள் என்றால் பகலிலேயே வந்துசேரும்படி செய்யுங்கள், ஹபரணைக்குப் பிறகு இரவில் வீதியில் யானை நிற்கும்.) பிள்ளைகளுக்கு உறைப்புப் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இறாலோ கச்சான் கடலையோ ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த ஒவ்வாமை சிலருக்கு உயிராபத்து, இறால் கிளறிய அகப்பையை மற்றக் கறிக்குள் போட்டாலே போதும். பரிமாறும்போது ஒரு தரம் “இன்னும் போடட்டா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தலைக்கு மேலே அகப்பையோடு நிற்கும் ஒருவருக்கு முன்னால் யாராலும் ஆறுதலாகச் சாப்பிட முடியாது. கொதித்தாறிய தண்ணீரை மூடிய ஜாடியில் ஊற்றி, குவளைகளோடு அறைக்குள்ளேயே இரவில் வைத்துவிடுங்கள். குசினியில் பிஸ்கற், பழம், தேயிலை, சீனி இருக்கும் இடத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டி, “பசித்தால் எடுங்கோ, என்னைக் கேட்கத் தேவையில்லை” என்று சொல்லுங்கள். நேர வித்தியாசத்தால் முதல் இரண்டு இரவும் நடுச்சாமத்தில் அவர்களுக்குப் பசிக்கும்.

இனி மச்சாள். இதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய கணவரும் பிள்ளைகளும் உங்கள் விருந்தாளிகள். அவர் அந்த வீட்டுப் பிள்ளை. அவரை ஹோலில் கதிரையில் இருத்தி, தட்டில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால், தாய் இருந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவருக்கு வலிக்கலாம். குசினிக்குள் வர விடுங்கள். “மச்சாள், மாமி இந்தச் சொதிக்கு என்ன போடுவா?” என்று கேளுங்கள், வெங்காயம் உரிக்க வந்தால் கத்தியைக் கொடுங்கள். அவர்கள் வருகிறார்கள் என்று வீட்டைப் புதுசாக்கும் அவசரத்தில் மாமியின் கதிரையையோ அம்மியையோ பின்வளவில் கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள். மாமியின் சேலைகள், கண்ணாடி, சாமிப்படம் என்று நீங்கள் எடுத்து வைத்தவை இருந்தால், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். எல்லோரும் இதை ஒரே மாதிரி எடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் அழுவார்கள், சிலர் இப்போது பார்க்க முடியாது என்பார்கள். இரண்டுக்கும் இடம் விடுங்கள். மாமியின் அந்தியேட்டிக் கிரியைக்கு வர முடியாமல் போனவர் என்றால் கன்னியாவுக்குப் போகும் எண்ணமும் அவருக்கு இருக்கும். அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் சுற்றுலாக்காரருக்குக் குளிக்கும் இடம், எங்களுக்கு இறந்தவருக்குக் கடமை கழிக்கும் இடம். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதா, தனியாகப் போவதா என்று அவரே சொல்லட்டும், ஓட்டோவை மட்டும் நீங்கள் பேசி வையுங்கள்.

லண்டன் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றால் சொந்தபந்தம் எல்லாம் கேட்டுக் கேள்வி இல்லாமல் வரும். வந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நிற்கும்போது கேற்றடியில் மூன்று மோட்டார்சைக்கிள் நிற்கும். இதை மச்சாளால் தடுக்க முடியாது, நீங்கள்தான் தடுக்க வேண்டும். இரண்டாம் நாள் பின்னேரம் எல்லோரும் வாருங்கள் என்று ஒரு நேரத்தைக் குறித்து, ஒரு தேத்தண்ணியும் வடையும் போட்டு முடித்துவிடுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை வீடு அமைதியாக இருக்கட்டும், நீங்களும் படுங்கள். வீட்டுக்காரி படுக்காமல் நடமாடினால் விருந்தாளி கண் மூட மாட்டார்.

ஊர் சுற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கோணேசர் கோயிலுக்கு வெயில் ஏற முன்னர் போய்விடுங்கள். போகும் வழியில் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். புறாமலைத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. வள்ளக்கூலியோடு நுழைவுச் சீட்டும் எடுக்க வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணம் எங்களுக்கு இருப்பதை விட மிகவும் கூட. “எல்லாம் நான் பார்க்கிறேன்” என்று முதல் நாள் வாய்விட்டுவிட்டு அங்கே போய்த் திண்டாடாதீர்கள். போகும் முன்பே, “சீட்டு நீங்கள் எடுங்கோ மச்சாள், மத்தியானச் சாப்பாடு நாங்கள்” என்று வெளிப்படையாகப் பேசினால் யாருக்கும் குறையில்லை. ஐந்து நாளில் ஒரு நாளாவது எங்கும் கூட்டிக்கொண்டு போகாமல் விடுங்கள். வீட்டுத் திறப்பின் பிரதி ஒன்றை மச்சாளின் கணவர் கையில் கொடுங்கள். பின்னேரம் கடற்கரைக்குத் தனியாக நடந்து போய், நினைத்த நேரம் திரும்பி வரக்கூடிய வீட்டில்தான் ஒரு மனிதர் ஐந்து நாள் மூச்சு முட்டாமல் இருப்பார்.

புறப்படும் நாளுக்கு ஒரு குறிப்பு. கொண்டுபோகக் கொடுப்பவற்றைக் கடைசி இரவு பத்து மணிக்கு நீட்டாதீர்கள், அப்போது பெட்டி பூட்டியாகியிருக்கும். இறைச்சியும் நெய் போன்ற பாற்பொருட்களும் இங்கிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அதில் காசைக் கொட்ட வேண்டாம். வறுத்து இடித்த மிளகாய்த்தூள்தான் அங்கே எல்லோரும் கேட்பது. இரண்டு நாளுக்கு முன்பே இடிப்பித்து ஆற வைத்து, இரட்டைப் பையில் இறுக்கிக் கட்டி, எத்தனை கிலோ என்று பையின் மேல் எழுதி மச்சாளிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் இடமிருக்கிறதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.